மனசுக்கு மிச்ச நேரம் போதாது

"மனசு சரியில்லை" என்று மூன்று பேர் சொல்கிறார்கள். ஒருவருக்கு முந்தின நாள் ராத்திரி வீட்டில் சண்டை. இரண்டு நாளில் தானாகத் தணிந்துவிடும். இன்னொருவர் மூன்று வாரமாக விடியற்காலை 3 மணிக்கு விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடக்கிறார். மூன்றாமவர் நெருங்கிய ஒருவரைப் பறிகொடுத்து ஒரு மாதம்தான் ஆகிறது. மூவருக்கும் ஒரே வாக்கியம். கேட்பவரும் மூவருக்கும் ஒரே பதிலைத்தான் கையில் வைத்திருக்கிறார்: "எல்லாம் சரியாயிடும், கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க."

மனநலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும்போதே இப்படி வார்த்தைகள் காலை வாரிவிடுகின்றன. பத்திரிகைகளைப் பாருங்கள், ஸ்ட்ரெஸ்ஸுக்கும் 'மன அழுத்தம்', டிப்ரஷனுக்கும் 'மன அழுத்தம்' என்றே போடுகிறார்கள். முதலாவது, நம் மேல் விழும் சுமைக்கு உடம்பும் மனசும் காட்டும் எதிர்வினை. இரண்டாவது, சிகிச்சை தேவைப்படும் ஒரு நோய். அதற்கு மனச்சோர்வு என்று தனிச்சொல்லே இருக்கிறது. இந்தக் கட்டுரையில் அழுத்தம் என்றால் ஸ்ட்ரெஸ், மனச்சோர்வு என்றால் டிப்ரஷன். இந்த ஒரு பிரிவினையை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

சரி, மனநலம் என்பது என்ன? எப்போதும் சந்தோஷமாக இருப்பதா? இல்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் விளக்கத்தைச் சுருக்கினால் இப்படி வரும்: வாழ்க்கையின் நெருக்கடிகளைச் சமாளிக்கவும், தன் திறமையை உணர்ந்து நன்றாகக் கற்கவும் வேலை செய்யவும், சுற்றியிருப்பவர்களுக்கு ஏதோ ஒரு விதத்தில் பயன்படவும் முடிகிற நிலை. இதில் எனக்குப் பிடித்தது 'சமாளிக்க' என்ற சொல். துக்கம் வந்தால் அழுவதும், தேர்வுக்கு முன்னால் வயிறு கலங்குவதும், அநியாயத்தைப் பார்த்தால் கோபம் வருவதும் மனசு ஒழுங்காக வேலை செய்வதன் அடையாளங்கள்தான். 1948இல் நடைமுறைக்கு வந்த அதே நிறுவனத்தின் சாசனம், ஆரோக்கியம் என்பது நோய் இல்லாமை மட்டும் அல்ல, உடலும் மனமும் சமூக வாழ்வும் 'முழுமையாக' நலமாக இருக்கும் நிலை என்கிறது. அந்த 'முழுமையாக' கொஞ்சம் அதிகப்படி என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அப்படி அளந்தால் நம்மில் ஒருவர்கூடத் தேற மாட்டோம்.

அழுத்தம் உடம்புக்குள் என்ன செய்கிறது?

ஆபத்து என்று மூளை நினைத்த மறுகணம் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, தசைகள் இறுகுகின்றன, செரிமானம் பின்னுக்குப் போகிறது. பின்னாலேயே கார்ட்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் வந்து ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றி வைக்கிறது. சண்டை போடு அல்லது தப்பி ஓடு என்ற இந்த ஏற்பாட்டை வால்டர் கேனன் என்ற உடலியல் அறிஞர் 1915 வாக்கில் விளக்கினார். துரத்தும் மிருகத்திடமிருந்து தப்பிக்க அருமையான ஏற்பாடு. ஓடி முடித்ததும் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும்.

சிக்கல் அந்த 'முடித்ததும்' என்ற இடத்தில் இருக்கிறது. மேலதிகாரியின் ஒற்றை வரி மெசேஜ் ஓடி முடிக்கிற விஷயம் இல்லை. "நாளைக்குப் பேசணும்" என்று மட்டும் வந்திருக்கும். எதைப் பற்றி என்று தெரியாது. உடம்பு அதையும் மிருகமாகத்தான் எடுத்துக்கொள்கிறது, மறுநாள் வரை தயார் நிலையிலேயே நிற்கிறது. அடுத்த நாள் வேறொரு மெசேஜ். இப்படி மாதக்கணக்கில் போனால் தூக்கம் கெடுகிறது, எரிச்சல் கூடுகிறது, கழுத்தும் தோளும் வலிக்கின்றன, சின்ன முடிவு எடுப்பதுகூட மலையாகிறது. அழுத்தம் வருவதைத் தடுப்பது பெரும்பாலும் நம் கையில் இல்லை. வந்தது இறங்குவதற்கு நாளில் ஓர் இடம் வைக்கலாம். மனநலத்துக்கு முன்னுரிமை என்று நான் சொல்வது ஏறக்குறைய இதைத்தான்.

இந்த இறக்கம் இல்லாமல் வேலை இடத்தில் நீண்ட காலம் ஓடினால் வருவது பர்ன் அவுட். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் இதற்கு இடம் உண்டு. ஆனால் நோயாக இல்லை, வேலை சார்ந்த ஒரு நிலையாக. மூன்று அடையாளங்கள் சொல்கிறார்கள்: சக்தியெல்லாம் வற்றிப்போன களைப்பு, வேலையின் மேல் ஒரு விலகலோ கசப்போ, என்ன செய்தாலும் உருப்படியாக எதுவும் நடக்கவில்லை என்ற எண்ணம். இதில் இரண்டாவதைத்தான் நாம் கவனிக்கத் தவறுகிறோம். முன்பு ஆசையாகச் செய்த வேலையைப் பற்றி ஒருவர் எப்போதும் கிண்டலாகவே பேச ஆரம்பித்தால், அவருக்கு நகைச்சுவை உணர்வு கூடிவிட்டது என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போகிறோம்.

"நேரம் கிடைச்சா"

முன்னுரிமை என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். முன் உரிமை. ஒன்றுக்கு முந்திக்கொள்ளும் உரிமை இருந்தால் வேறொன்று வழிவிட வேண்டும். நாம் மனசுக்குக் கொடுப்பது பின்னுரிமை. வேலைக்கு மணி குறித்திருக்கிறது, குழந்தையின் வகுப்புக்கு மணி குறித்திருக்கிறது, வண்டி சர்வீஸுக்குக்கூடத் தேதி இருக்கிறது. நடக்கப் போவது, நண்பரிடம் பேசுவது, சும்மா உட்காருவது எல்லாம் "நேரம் கிடைச்சா" கணக்கில். நேரம் யாருக்குக் கிடைத்தது?

இதன் விளைவைக் கிட்டத்தில் பார்க்க ராத்திரி 11.20க்குப் போக வேண்டும். விளக்கு அணைத்தாயிற்று. "அஞ்சு நிமிஷம் பார்த்துட்டு வெச்சிடலாம்" என்று போனை எடுக்கிறோம். கட்டைவிரல் மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறது. பார்ப்பது ஒன்றும் மனதில் நிற்பதில்லை, முகத்தில் சிரிப்புகூட இல்லை. கை மரத்துப்போய்ப் புரண்டு படுக்கும்போது மணி 12.50. மறுநாள் அலாரத்தைத் திட்டிக்கொண்டு எழுந்து, "எனக்குக் கட்டுப்பாடே இல்லை" என்று நம்மையே திட்டிக்கொள்கிறோம்.

நானும் வருஷக்கணக்கில் அப்படித்தான் திட்டிக்கொண்டேன். பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்த ஒன்றரை மணி நேரத்தில் மட்டும்தான் யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. நாள் முழுக்க எனக்கென்று ஒரு பத்து நிமிஷம் இல்லாததால், அதைத் தூக்கத்திடமிருந்து திருடிக்கொண்டிருந்தேன். போனை வேறு அறையில் வைப்பது உதவும், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அதிகம் உதவியது, மாலையில் வேலை முடிந்ததும் இருபது நிமிஷத்தை எனக்கென்று பிடுங்கி வைத்தது. பகலில் கொஞ்சம் சாப்பிட்டவன் ராத்திரி பசியில் அலைவதில்லை.

தூக்கம் பற்றிய மற்ற விஷயங்கள் சுருக்கமாக. பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும். படுக்கும் நேரத்தைவிட எழும் நேரத்தை ஒரே மாதிரி வைத்துக்கொள்வது சுலபம், பலனும் அதிகம். காபியில் உள்ள காஃபீன் பாதியாகக் குறையவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக்குக் குடித்ததில் பாதி, ராத்திரி 10 மணிக்கும் உள்ளே விழித்துக்கொண்டிருக்கிறது. இருபது நிமிஷம் போலப் புரண்டும் தூக்கம் வராவிட்டால் எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் ஏதாவது சலிப்பான வேலை செய்துவிட்டு, கண் சொக்கும்போது திரும்பிப் படுப்பது நல்லது. இல்லாவிட்டால் படுக்கை என்றாலே கவலைப்படும் இடம் என்று மூளை பழகிக்கொள்ளும்.

கவலைக்கு ஒரு தாள்

"அதையே நினைச்சுக்கிட்டு இருக்காதே" என்பது உலகத்திலேயே அதிகம் சொல்லப்பட்ட, மிகக் குறைவாகப் பலித்த அறிவுரை. 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் சிலரிடம், வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது, நினைப்பு வந்தால் மணியை அடிக்க வேண்டும் என்றார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நினைக்கக் கூடாது என்று காவல் காப்பதற்கே மூளை அதை அடிக்கடி எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

விரட்டுவதைவிட இறக்கி வைப்பது எளிது. 2018இல் பேய்லர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வகத்தில் படுக்க வைத்தார்கள். படுக்கும் முன் 5 நிமிஷம், பாதிப் பேர் இனிமேல் செய்ய வேண்டிய வேலைகளை எழுத வேண்டும், மீதிப் பேர் செய்து முடித்தவற்றை எழுத வேண்டும். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் ஏறத்தாழ 9 நிமிஷம் முன்னதாகத் தூங்கிப்போனார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம். சின்ன ஆய்வுதான், ஆனால் செலவில்லாத வைத்தியம்.

விவரமாக என்றால் எப்படி? தாளில் 'ரிப்போர்ட்' என்று மட்டும் எழுதினால் அது கவலையாகவே நிற்கும். 'ரிப்போர்ட்: 3ஆம் பக்கக் கூட்டல் தப்பு, காலையில் வந்ததும் முதல் வேலையாகச் சரி செய்வது' என்று எழுதினால் கவலைக்கு ஒரு முகவரி கிடைத்துவிடுகிறது. 'அம்மா' என்று எழுதாமல், 'அம்மாவின் ரத்தப் பரிசோதனை முடிவை வாங்கி, வியாழக்கிழமை டாக்டரிடம் காட்டுவது' என்று எழுதுங்கள். சில கவலைகளுக்கு அடுத்த வேலை என்று ஒன்றும் இருக்காது. அவற்றுக்கு நேராக 'இப்போது என்னால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை' என்று எழுதிவிடலாம். அதைக் கைப்பட எழுதிப் பார்ப்பதில் ஒரு விசித்திரமான ஆறுதல் உண்டு.

பகலில் கவலை அரித்தால், அதற்கென்று மாலையில் ஒரு கால் மணி நேரம் ஒதுக்கிவைக்கும் முறையும் உண்டு. சிகிச்சையாளர்கள் வெகு காலமாகச் சொல்லிக்கொடுப்பது. காலை 11 மணிக்கு ஒரு கவலை வந்தால் குறித்துவைத்துக்கொண்டு, "ஆறரை மணிக்கு வா" என்று அனுப்பிவிடுவது. ஆறரைக்குத் தாளை எடுத்துப் பார்க்கும்போது பாதிக் கவலைகள் எதைப் பற்றியவை என்றே மறந்திருக்கும்.

மனசு வரலையே

தமிழில் அழகான ஒரு சொல்வழக்கு இருக்கிறது: "செய்ய மனசு வரலை." முதலில் மனசு வர வேண்டும், அப்புறம்தான் கை கால் அசையும் என்று அதற்கு அர்த்தம். மனம் சோர்ந்திருக்கும்போது இந்த வரிசை நம்மை ஏமாற்றிவிடும். வெளியே போக மனசு வராது, போகாததால் இன்னும் சோர்வு, அதனால் இன்னும் மனசு வராது. இந்தச் சுழலை உடைக்க உளவியலில் 1970களிலிருந்து வளர்ந்துவந்த ஒரு சிகிச்சை முறை, வரிசையைத் திருப்பிப் போடச் சொல்கிறது. மனசு வராமலே, மிகச் சிறிய ஒன்றைச் செய். மனசு பின்னால் வரும்.

மிகச் சிறியது என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். 'தினமும் ஒரு மணி நேரம் நடை' வேண்டாம். செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை. அங்கே போனபின் திரும்பத் தோன்றினால் திரும்பிவிடலாம், அதுவும் கணக்கில் சேரும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரை, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிஷம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. நாளுக்குப் பிரித்தால் 22 நிமிஷத்தில் தொடங்குகிறது. அவ்வளவுகூட முடியாதவருக்கு, கொஞ்சம் செய்வது ஒன்றும் செய்யாததைவிட மேல் என்று அதே பரிந்துரை சொல்கிறது.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று ஒரு கணக்கு சுற்றிக்கொண்டிருக்கிறது. நம்பாதீர்கள். லண்டனில் 96 பேரை வைத்து நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், ஒரு புதுப் பழக்கம் தானாக வருவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். அதைவிட நிம்மதி தரும் முடிவு ஒன்று: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதகம் எதுவும் வரவில்லை. ஆகவே 22ஆம் நாள் தவறினால் உங்கள் மேல் குற்றம் ஒன்றும் இல்லை, மறுநாள் தொடர்ந்தால் போதும். நாளில் ஏற்கனவே நடக்கும் ஏதாவது ஒன்றோடு புதியதை முடிச்சுப் போட்டால் இன்னும் சுலபம். பல் தேய்த்ததும் தாளை எடுப்பது, லேப்டாப்பை மூடியதும் செருப்பை மாட்டுவது, இப்படி.

"பார்க்கிறேன்" என்ற பொறி

நேரம் எங்கே போகிறது என்று தேடினால் பெரும்பகுதி 'முடியாது' என்று சொல்லாத இடங்களில் போயிருக்கும். நாம் முடியாது என்று சொல்வதில்லை. "பார்க்கிறேன்" என்கிறோம், "ட்ரை பண்றேன்" என்கிறோம். கேட்டவர் அதைச் சரி என்றே எடுத்துக்கொள்கிறார். பிறகு செய்யவும் முடியாமல், சொல்லவும் முடியாமல் நாள் பூரா அது முதுகில் உட்கார்ந்திருக்கிறது.

"சார், இதை இன்னைக்குள்ள முடிக்க முடியாது. நாளைக்குக் காலைல 11 மணிக்குத் தந்துடறேன். இன்னைக்கே வேணும்னா, காலைல கொடுத்த வேலைய நிறுத்திட்டு இதை எடுக்கறேன். எது முதல்ல வேணும்?" இந்த நான்கு வாக்கியத்தில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. முதல் தடவை சொல்லும்போது தொண்டை வறளும். மூன்றாம் தடவை வறளாது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. இரண்டு ஆள் வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, மாதம் ஒரு முறை மூச்சுப் பயிற்சி வகுப்பு நடத்தும் இடங்கள் இருக்கின்றன. கடன், வீட்டில் அடி உதை, நோயாளியை வருஷக்கணக்கில் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்வது, இவற்றுக்கெல்லாம் நடைப்பயிற்சி மருந்தாகாது. அங்கே முன்னுரிமை என்பது வேலையைப் பகிர்ந்துகொள்ள ஆள் கேட்பது, சட்ட உதவி தேடுவது, சில சமயம் அந்த இடத்தை விட்டே வெளியேறுவது. உங்களால் சமாளிக்க முடியாதது எல்லாமே உங்கள் பலவீனம் என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

பேசவும் கேட்கவும்

"எப்படி இருக்கே?" "நல்லா இருக்கேன்." இது விசாரிப்பே இல்லை, வணக்கத்தின் இன்னொரு வடிவம். உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டுமானால் இரண்டாவது தடவை கேட்க வேண்டும், பார்த்ததைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

"ரெண்டு வாரமா குரூப்ல எதுவுமே போடல நீ. தூங்கறியாடா ஒழுங்கா?"

"...இல்லடா."

"சொல்லு."

அந்த "சொல்லு"வுக்குப் பிறகு வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கஷ்டம். "இதெல்லாம் ஒரு விஷயமா", "எனக்கும் போன வருஷம் இப்படித்தான்", "யோகா பண்ணு" எல்லாம் நாக்கு நுனியில் துடிக்கும். அடக்கிக்கொண்டு, "நான் என்ன பண்ணட்டும், கேட்டுக்கிட்டா போதுமா, இல்ல ஏதாவது யோசிக்கணுமா?" என்று கேட்டுவிடலாம். பெரும்பாலும் கேட்டுக்கொண்டால் போதும் என்றுதான் பதில் வரும்.

சொல்லும் பக்கம் இருப்பவருக்கும் ஒரு வார்த்தை. 'மனசு சரியில்லை'யோடு நிறுத்தாமல் இன்னும் கொஞ்சம் துல்லியமாகச் சொல்லிப் பாருங்கள். பயமா, ஏமாற்றமா, பொறாமையா, அவமானமா, வெறுமையா? தமிழில் பஞ்சமே இல்லை, மனத்தாங்கல் என்று ஒரு சொல் இருக்கிறது, அதற்கு ஈடாக வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. உணர்ச்சிக்குப் பெயர் வைத்தாலே அதன் சூடு கொஞ்சம் தணிகிறது என்பது ஆய்வுகளிலும் தெரிந்திருக்கிறது. நண்பர் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தது மனத்தாங்கல் என்று தெரிந்தால், அடுத்துச் செய்ய வேண்டியதும் மாறிவிடுகிறதே.

எப்போது மருத்துவரிடம் போவது?

இதுவரை சொன்னதெல்லாம் ஆரோக்கியத்தைப் பேணுவதற்கு. பல் தேய்ப்பது மாதிரி. சொத்தை விழுந்த பல்லைத் தேய்த்தே சரிசெய்ய முடியாது.

மருத்துவர்கள் பார்க்கும் எல்லைக்கோடு 2 வாரம். அவ்வளவு நாள், கிட்டத்தட்ட தினமும், நாளின் பெரும்பகுதி மனம் கனத்துக் கிடந்தாலோ, முன்பு பிடித்ததெல்லாம் சப்பென்று போனாலோ கவனிக்க வேண்டும். கூடவே தூக்கம், பசி, கவனம், சுறுசுறுப்பு இவற்றில் மாற்றம், நான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம், வேலையோ வீடோ நடக்காமல் தடுமாறுவது எல்லாம் சேர்ந்தால் மனச்சோர்வாக இருக்கலாம். சிலருக்கு இது சோகமாக வராமல் தீராத தலைவலியாக, வயிற்றுக் கோளாறாக, சிடுசிடுப்பாக வரும். தைராய்டு குறைவும் ரத்தசோகையும்கூட இதே வேஷத்தில் வரும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் எழுதித் தருவார்கள்.

மனநல மருத்துவர் மருந்து எழுதுபவர். உளவியலாளரும் ஆலோசகரும் பேச்சு வழியாகச் சிகிச்சை தருபவர்கள். யாரிடம் போவது என்று குழப்பமாக இருந்தால் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமிருந்தே தொடங்கலாம். மனச்சோர்வு மாத்திரைகள் தலைவலி மாத்திரை மாதிரி உடனே வேலை செய்வதில்லை, பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நாலு நாளில் "ஒண்ணும் ஆகலை" என்றோ, நாலு மாதத்தில் "சரியாயிடுச்சு" என்றோ நாமாக நிறுத்தக் கூடாது.

செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் 2 வாரக் கணக்கெல்லாம் கிடையாது, அன்றைக்கே உதவி. நம்பும் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், தனியாக இருக்க வேண்டாம், நீங்கள் இருக்கும் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ அவசர எண்ணையோ அழையுங்கள், இல்லையென்றால் பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அந்த எண்ணைத் தேவை வருவதற்கு முன்பே போனில் சேமித்து வைக்கலாம். வேறொருவரைப் பற்றிச் சந்தேகமாக இருந்தால் "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பலருக்கு, கேட்க ஓர் ஆள் வந்ததே என்று மூச்சு விட முடிகிறது.

முதல் முறை போகிறவர்கள் எல்லாருக்கும் இருக்கும் ஒரு பயம், உள்ளே போய் உட்கார்ந்ததும் என்ன சொல்வது என்பது. முந்தின நாளே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எப்போதிலிருந்து, தூக்கம் எத்தனை மணி நேரம், எது நின்றுபோனது, வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள், எதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. அங்கே போய் வார்த்தை வராமல் தொண்டை அடைத்தால் அந்தத் தாளை அப்படியே மேசைக்கு அந்தப் பக்கம் நீட்டிவிடலாம். அவர் படித்துக்கொள்வார்.